டூம்ஸ்டோன் தண்ணிக்குழாய்

கௌபாய் படம் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அரிசோனாவின் டூம்ஸ்டோன் தெரிஞ்சிருக்கும். 1881-ல் ஓகே கோரல் துப்பாக்கிச் சண்டை நடந்த ஊர். எனக்கென்னவோ அதைவிட அந்த ஊர்த் தண்ணிக்குழாய்தான் பெரிய கதை.

வெள்ளிச் சுரங்கத்தால் பாலைவனத்தில் முளைச்ச ஊர் அது. 1881, 1882-ன்னு அடுத்தடுத்து தீ. கடைத்தெருவே சாம்பல். அந்த வருஷங்கள்லதான் மெக்சிகோ எல்லையோர வாச்சூக்கா மலை ஊற்றுகளிலிருந்து சுமார் 40 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டு தண்ணி கொண்டுவந்தாங்க.

2011 ஜூனில் அந்த மலையே எரிஞ்சது. 'மான்யுமென்ட் தீ'ன்னு பேர். செடிகொடி எரியும்போது அதிலுள்ள மெழுகு ஆவியாகி மண்ணுக்குள்ள படிஞ்சிடும். அப்புறம் மண்ணு தண்ணியைக் குடிக்காது, தார்ப்பாய் விரிச்ச மாதிரிதான். அடுத்து வந்த பருவமழை, சேறும் பாறாங்கல்லுமா இறங்கி குழாயை நொறுக்கிடுச்சு.

ஊற்றுகள் இருக்கிற இடம் 1984 முதல் பாதுகாக்கப்பட்ட வனம். நகராட்சி கேட்ட அளவுக்கு இயந்திரங்களை விட வனத்துறை சம்மதிக்கலை. காட்டைக் காக்கும் சட்டம் எனக்கும் பிடிக்கும்தான். ஆனா குழாய் அதைவிட நூறு வருஷம் மூத்ததாச்சே! கோர்ட்டுக்குப் போயும் ஊர் ஜெயிக்கலை. 2012-ல் தன்னார்வலர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு மலையேறினாங்க.