நடுநாட்டு வரலாறு – 23: தாலி அறுத்த மறுநாள்

சித்திரைப் பௌர்ணமி நெருங்கினால் விழுப்புரத்தில் லாட்ஜ் ரூம் கிடைப்பது கஷ்டம். மும்பை, டெல்லி, பெங்களூரு என்று எங்கெங்கோ பிழைக்கும் திருநங்கைகள் உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்துக்காக வந்து இறங்குவார்கள். நல்லூருக்கும் விருத்தாசலத்துக்கும் அது பக்கத்து வட்டத்துத் திருவிழா. 1993 வரை எல்லாமே ஒரே தென்னாற்காடு மாவட்டம். பிறகு கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சியும் தனியாகப் போனது. ஆனாலும் கூத்தாண்டவர் இந்த மண்ணுக்கெல்லாம் பொதுச்சாமி. சிதம்பரத்துக்குப் பக்கம் கொத்தட்டையிலும், புதுச்சேரிக்குப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் அவருக்குத் திருவிழா உண்டு.

கதை தெரிந்ததுதான். பாரதப் போரில் பாண்டவர் ஜெயிக்கக் களப்பலியாகச் சம்மதித்த அரவான், சாவதற்கு முன் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். மறுநாளே தாலியறுக்கப் போகிறவளாக யார் வருவாள்? கிருஷ்ணனே மோகினியாகி அவனுக்குக் கழுத்தை நீட்டினான். அந்த மோகினியாகத்தான் திருநங்கைகள் கூவாகத்துக்கு வருகிறார்கள். கோயிலைச் சுற்றி மஞ்சள் கயிறும் கண்ணாடி வளையலும் குவிந்து கிடக்கும். நெரிசலுக்குள் பூசாரி ஒவ்வொரு கழுத்திலும் முடிச்சுப் போட்டபடியே இருப்பார். நேர்ந்துகொண்ட சுற்றுவட்டாரத்து ஆண்களும் சின்னப் பையன்களும்கூட அதே சாமிக்குத் தாலி கட்டிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். மறுநாள் தேர் அழுகளம் போய்ச் சேரும். ஒப்பாரி எழும். தாலியை அறுத்து, வளையலை உடைத்து, பொட்டை அழித்து, தலைமுழுகி வெள்ளைப் புடவை கட்டிக்கொள்வார்கள். பத்திரிகைகளின் போட்டோக்கள் அதோடு முடிந்துவிடும். நாம் இந்த வாரம் பார்க்கப் போவது அதற்கு அடுத்த நாளை.

அந்த நாள் எப்படி இருந்தது? ரேஷன் கார்டு கேட்டால், குடும்பத் தலைவர் யார் என்பார்கள். விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், எதிரே நிற்பவருக்கு வேறு பெயர். வாடகைக்கு வீடு கிடைக்காது, வேலைக்குக் கூப்பிட ஆள் இல்லை. மிச்சமிருந்தது கடை கடையாகக் கை நீட்டிக் காசு கேட்பதும் பாலியல் தொழிலும். இரண்டுக்கும் போலீஸ் பிடித்துப் போகும். பெற்றவர்கள் கைவிட்டவர்களைத் தாங்கியது ஜமாத். மூத்தவர் ஒருவர் இளையவரை மகளாக ஏற்பார். அந்த மகளுக்கும் மகள்கள் வருவார்கள். எல்லோருக்கும் மேலே நாயக். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த ஜமாத்துகள் ஆண்டுக்கொரு முறை சந்தித்துப் பேச அமைந்த இடம்தான் கூவாகம். கும்பிட வந்த கூட்டத்தைக் கோரிக்கை வைக்கும் கூட்டமாக வளர்த்ததில்தான் இந்தச் சமூகத்துத் தலைவர்களின் சாதனை தொடங்குகிறது.

முதலில் வந்தது உயிர்ப் பிரச்சினை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் திருவிழாவை ஒட்டி விழிப்புணர்வு முகாம்கள் நடத்தின. அந்த வேலையின் வழியாகவே பல திருநங்கைகள் மைக் பிடித்தார்கள், அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். சென்னையின் நூரி அம்மா தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை 1987-லேயே அறிந்தவர். ஒடுங்கிவிடாமல் தொற்றுடையவர்களுக்காக அமைப்பு கண்டார். ஆதரவற்ற குழந்தைகளை எடுத்து வளர்த்தார்.

அடுத்து, தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள். நாமக்கல் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்த ரேவதி, தன்னைப் போன்றவர்களின் வாழ்க்கைகளைக் கேட்டுத் தொகுத்து 2004-ல் ‘உணர்வும் உருவமும்’ நூலைத் தந்தார். 2007-ல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் சரவணன் வித்யா’ வந்தது. ‘அரவாணிகள் சமூக வரைவியல்’ எழுதிய பிரியா பாபு, பின்னாளில் மதுரையில் திருநங்கையர் ஆவண மையத்தை உருவாக்கினார். கல்கி சுப்ரமணியம் 2008-ல் சகோதரி அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுவரை சினிமாவின் கேலிக் காட்சிகளில் மட்டும் இவர்களைப் பார்த்திருந்த வாசகர்கள், முதல் முறையாக இவர்கள் பேசுவதைக் கேட்டார்கள்.

அரசும் அசைந்தது. 2008 ஏப்ரல் 15-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைந்தது. 2009-ல் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் ‘இதரர்’ என்று பதிந்துகொள்ள வழிவிட்டது. 2014-ல், சரியாக அதே ஏப்ரல் 15 அன்று, உச்ச நீதிமன்றம் தங்கள் பாலினத்தைத் தாங்களே அறிவிக்கும் உரிமை இவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த உரிமை, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளுக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் தீர்ப்பு தானாக நடந்து கவுன்டருக்கு வராது. ஒவ்வொரு கதவையும் யாராவது ஒருவர் முதலில் தட்ட வேண்டியிருந்தது. தூத்துக்குடியின் கிரேஸ் பானு 2014-ல் பொறியியல் கல்லூரிக் கதவைத் தட்டினார். தமிழ்நாட்டில் அந்தப் படிப்பில் சேர்ந்த முதல் திருநங்கை அவர். சேலத்துப் பிரித்திகா யாஷினியின் போலீஸ் எஸ்.ஐ. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடி 2015-ல் வென்று, 2017-ல் தர்மபுரியில் பணியில் சேர்ந்தார். 2018-ல் சத்யஸ்ரீ சர்மிளா வழக்கறிஞராகப் பதிவுசெய்தார். 2020 ஜனவரியில் ரியா திருச்செங்கோடு ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்தார்; 2022-ல் கங்கா நாயக் வேலூர் மாநகராட்சிக்குத் தேர்வானார்.

திருநங்கைகள் திறந்த வழியில் மற்றப் பாலினச் சிறுபான்மையினரும் வந்தார்கள். 2009 ஜூனில் சென்னையில் முதல் வானவில் பேரணி நடந்தது. தன்பால் ஈர்ப்பாளர்கள் தங்கள் பெற்றோரும் பிள்ளைகளும் வாழும் ஊரிலேயே வெளிப்படையாக நடந்தார்கள். இடைபாலினக் குழந்தைகளுக்கு அவசியமில்லாத அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று மதுரையின் கோபி ஷங்கர் தொடர்ந்து குரல் கொடுத்தார். 2019-ல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தந்த தீர்ப்புக்குப் பின் தமிழக அரசு அதைத் தடைசெய்தது. 2021-ல், வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், பாலின ஈர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று நடத்தும் சிகிச்சைகளுக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார். தீர்ப்புக்கு முன் உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து விஷயத்தைக் கற்றுக்கொண்டார் அவர். அந்த மனம் எத்தனை பெருமைக்குரியது!

இன்னும் கிடைக்க வேண்டியவை ஏராளம். சாதியால் ஒரு தடை, பாலினத்தால் ஒரு தடை என்று இரட்டைச் சுமை தாங்குகிறவர்களுக்காக, ஒவ்வொரு இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குள்ளும் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டு கிரேஸ் பானு போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். நியாயமான கோரிக்கை, தாமதிக்க ஒரு காரணமும் இல்லை.

நமக்கும் வேலை இருக்கிறது. சாமிக்குத் தாலி கட்டிய கழுத்தை ஒரு நாள் கும்பிட்டு, அடுத்த நாளே பஸ்ஸில் பக்கத்துச் சீட்டை விட்டு எழுந்து போவது நாகரிகமா? விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் வர்ணம் தீட்டவோ சூளையடியிலோ ஆள் தேவைப்படும்போது ஒரு திருநங்கையைக் கூப்பிட்டுப் பாருங்கள். வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் மற்றவர்களிடம் கேட்கும் அட்வான்ஸையே கேளுங்கள். திருச்செங்கோடு போலவே நல்லூரும் ஓர் ஊராட்சி ஒன்றியம்தான். இங்கே ஒரு திருநங்கை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் நாளில், தெருவுக்குத் தண்ணீரும் ரோடும் எப்போது வரும் என்று அவரிடமும் கேட்போம். மற்ற வேட்பாளர்களுக்குத் தரும் மரியாதை அதுதான். அவருக்கும் அதுவே சேர வேண்டும்.

(தொடரும்)