பாலிகஞ்சின் கழிவுநீர்

'வளங்குன்றா வளர்ச்சி' என்னும் தொடரை அரசாங்கக் கோப்புகளில் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறோம். அதன் பொருள் நமக்கு விளங்கியது கல்கத்தாவின் பாலிகஞ்சில், கழிவுநீர் இறைக்கும் நிலையத்தின் அருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோதுதான்.

வீடுகளின் கழிவுநீர் இங்கிருந்து இறைக்கப்பட்டுக் கால்வாய் வழியே கிழக்கு நோக்கிச் செல்கின்றது. முன்னாளில் நகரக் கழிவைத் தாங்கிய வித்யாதரி ஆறு வண்டலால் தூர்ந்துபோக, 1928இல் அது இறந்த ஆறென அறிவிக்கப்பட்டது. கடல்நீர் வரத்து குன்றவே, உவர்நீர் மீனை நம்பியிருந்தோர் பிழைப்பிழந்தனர். அவர்கள் கைக்கொண்ட வழியை நேயர்கள் நம்ப மறுக்கலாம்: 1930ஆம் ஆண்டையொட்டி, நகரக் கழிவுநீரையே குளங்களில் பாய்ச்சி மீன் வளர்க்கலாயினர்!

வங்காளத்தார் 'பேரி' என வழங்கும் இக்குளங்கள் ஆழம் குறைந்தவை. வெயில் நன்கு ஊடுருவும். நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. அச்சத்தினால் பாசி தழைக்கின்றது. பாசி உயிர்வளியை ஈந்து நீரைத் தெளிவிக்கின்றது. ரோகு, கட்லா முதலிய மீன்கள் அதனை உண்டு கொழுக்கின்றன. கரையோர ஆகாயத்தாமரை அலை அரிப்பைத் தடுக்கின்றது. கழிவுநீரை எப்போது, எவ்வளவு விடலாம் என்பதை மீனவர் நீரின் நிறங்கண்டே அறிவர். எஞ்சிய நீர் நெல்வயலுக்குப் பாய்கின்றது. பொறியாளர் துருவஜோதி கோஷ் 1980களில் இம்முறையை ஆராய்ந்து உலகறியச் செய்தார்.

எனினும் நகரம் விரிந்தாக வேண்டுமே! 1962 முதல் ஹூக்ளி ஆற்று மணலைக் குழாய்வழிக் கொணர்ந்து உப்பேரியின் வடபகுதியைத் தூர்த்தனர். அங்கே பிதான் நகர் எழுந்தது. பிரிவினைக்குப்பின் அகதிகளால் நிரம்பித் திணறிய கல்கத்தாவுக்கு அஃது இன்றியமையாததாயிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. பின்னர் உலக வணிக மையம் அமைக்கவும் சதுப்பு நிலம் கேட்கப்பட்டபோது, குடிமக்கள் அமைப்பொன்று உயர்நீதிமன்றத்தை நாடிற்று. வளரும் நாட்டுக்கு வளர்ச்சி வேண்டும், அது சுற்றுச்சூழலோடு இயைந்து நடைபெற வேண்டும் என்று கருதிய நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி, அந்நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு 1992இல் தடை விதித்தார். 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் உடன்படிக்கையில் இடம்பெற்றது. 2006இல் மாநிலச் சட்டமும் பிறந்தது.

சட்டத்தை மீறி இன்றும் ஆங்காங்கே குளங்கள் தூர்க்கப்படுகின்றன. மீனவர் பெறுவது மீனின் விலை ஒன்றே. நகரக் கழிவைத் தூய்மை செய்யும் ஊழியத்துக்கு அவருக்குக் கூலியில்லை. மனை வணிகர் கூறும் விலையோ ஆண்டுதோறும் ஏறுகின்றது.