இறைப்பு நாளும் கொத்து நாளும்

பளு தூக்கிப் பழகுகிறவன் ஓட்டத்தை எப்போது வைத்துக்கொள்வது, தூக்குவதற்கு முன்னா, பின்னா, அன்றி வேறொரு நாளிலா என்ற கேள்வி இன்று யாழ்ப்பாணத்து உடற்பயிற்சி நிலையங்களிலே அடிக்கடி எழுகின்றது. பயிற்றுநர் ஒன்று சொல்வார். கைத்தொலைபேசிக் காணொளி வேறொன்று சொல்லும். கேட்டவன் தனக்கு எது சுலபமோ அதனைச் செய்துவிட்டுப் போவான். எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் இத் தீபகற்பத்துக் கமக்காரன் ஒருவனிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவனுக்கு அது விளங்கியே இராது. ஏனெனில் மூச்சு வாங்கும் வேலை எந்த நாளில் வரும், முதுகும் தோளும் நோகும் வேலை எந்த நாளில் வரும் என்பதை அவன் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது கிணறு, அதிலும், பலருக்குப் பங்குள்ள கிணறு.

ஆறு என்று சொல்லத்தக்க ஒன்றும் ஓடாத பூமி இது. மாரியிலே பெய்கின்ற மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியிலே தங்க, அதனைக் கிணறு வெட்டி மேலே கொணர்ந்தால்தான் கோப்பாய், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் முதலிய ஊர்களின் செம்பாட்டு மண்ணிலே புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளையும். பாறையைப் பிளந்து கிணறு வெட்டுவது செலவு மிகுந்த காரியமாகையாலும், முதுசமும் சீதனமுமாகக் காணி தலைமுறைதோறும் துண்டுபட்டுக்கொண்டே வந்தமையாலும், ஒரு கிணற்றில் அண்ணன் தம்பியரும் மைத்துனரும் அயலவரும் பங்கு கொள்ளும் சம்பிரதாயம் வேரூன்றியது. காணி உறுதிகளை வாசித்தவர்கள், நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எத்தனை கண்டிப்பாக எழுதப்பட்டிருக்கும் என்பதை அறிவார்கள். பங்கு என்றால் முறை. இன்று உன் முறை, நாளை என் முறை. முறை தவறினால் பயிர் வாடும். பிறர் முறையிலே கை வைத்தால் வழக்கு நீதிமன்றம் வரை போகும்.

தன் முறை வந்த நாளில் கமக்காரன் விடியுமுன்னரே எழுந்துவிடுவான். கிணற்றருகே நாட்டப்பட்ட ஆடுகாலின் மேல் நீண்ட துலா கிடக்கும். அதன் ஒரு நுனியிலிருந்து துலாக்கொடி கிணற்றுக்குள் தொங்க, கொடியின் முனையிலே பனையோலையால் இழைத்த பட்டை கட்டப்பட்டிருக்கும். துலாவின் மேல் ஏறி நிற்பவர் கிணற்றுப் பக்கமாகச் சில அடிகள் வைத்தால் அந்தப் பக்கம் தாழ்ந்து பட்டை நீரிலே மூழ்கும். திரும்பி மறுபக்கம் நடந்தால் அவருடைய தேகபாரமே நீர் நிறைந்த பட்டையை மேலே கொண்டுவரும். கீழே நிற்பவர் கொடியைப் பிடித்து வழிநடத்தி, மேலே வந்த பட்டையைத் தம்பக்கம் இழுத்து வாய்க்காலிலே சரிப்பார். மூன்றாமவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருப்பார். துலா மிதிப்பவருக்கு வேலை நடைதான், ஆனால் ஏறியிறங்கும் மரத்தின்மேல், விழாமல் சமநிலை காத்து, தோட்டம் முழுவதும் நனையும் வரை நிற்காமல் நடக்கும் நடை. மிதிப்பவர் களைத்தால் கீழே நிற்பவர் மேலே ஏறுவார். பட்டைகளின் எண்ணிக்கையைப் பாட்டிலே வைத்து எண்ணுவதும் உண்டு; பாடிக்கொண்டே மிதிக்க முடிகிறதென்றால் அந்த வேகம் சுவாசத்துக்கு அடங்கிய வேகம் என்பது தானே விளங்கும். இன்றைய பயிற்றுநர்கள் நெடுநேர மெல்லோட்டத்துக்குச் சொல்லும் அளவும் இதுவே: பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்.

முறை இல்லாத நாளிலே தோட்டத்தில் வேறு வேலை காத்திருக்கும். மண்வெட்டியைத் தலைக்குமேல் ஓங்கித் தரையைப் புரட்டிக் கொத்துவது, எருவைக் கடகத்திலே சுமந்து கொட்டுவது, குழை தாழ்ப்பது, கல் பொறுக்குவது என அது நீளும். கொத்து என்பது முதுகு, இடுப்பு, தோள், முன்னங்கை எல்லாவற்றையும் ஒருசேரக் கேட்கின்ற வேலை. சிறிது நேரம் கொத்துவார்கள், நிமிர்ந்து நிற்பார்கள், மறுபடி குனிவார்கள். ஆக, இறைப்பு நாள் மூச்சுக்கு, கொத்து நாள் தசைக்கு என்று வாரம் தானாகவே பகுபட்டிருந்தது. பகுத்தவர் எவரும் தேகத்தை நினைத்துப் பகுக்கவில்லை. மிளகாய்க் கன்றின் தாகத்தையும் பங்காளியின் உரிமையையும் நினைத்தே பகுத்தார்கள்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமற் போவது நியாயமாகாது. 'அந்தக் காலத்து ஆட்கள்' என்று பெருமூச்சு விட்டு, துலாவையும் மண்வெட்டியையும் ஏதோ தேகாப்பியாச சாலையின் உபகரணங்கள் போல வருணிக்கின்ற ஒரு வழக்கம் நம்மவரிடையே வளர்ந்து வருகிறது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. துலா மிதித்தவர்களிலும் கொத்தியவர்களிலும் பலர் தம் சொந்தக் காணியில் அல்லாமல் பிறர் காணியிலே கூலிக்கும், சாதிக் கட்டுப்பாட்டின் பெயரால் கூலியென்று சொல்லமுடியாத அற்பத்துக்கும் உழைத்தவர்கள். துலாவிலிருந்து தவறி விழுந்தால் நிவாரணம் கொடுப்பார் இல்லை. உழைப்புக்கு ஈடான போஷாக்கும் ஓய்வும் கிட்டாத சரீரத்திலே உழைப்பு உரமாக ஏறுவதில்லை, தேய்மானமாகவே இறங்கும். பளுவும் ஓட்டமும் எப்படிப் பங்கிடப்படவேண்டும் என்ற விசாரணையில் சோற்றையும் தூக்கத்தையும் விட்டுவிடுகிறவர்கள் இதனை நினைத்துக்கொள்வது நல்லது.

சீவல் தொழிலாளர் கதை வேறு. பனையிலே பாளை சீவுகிறவர் காலையிலும் மாலையிலும் ஏறவேண்டும். காலிலே தளைநார், இடுப்பிலே கத்தியும் முட்டியும், அணைப்பதற்கு மரம். ஒரு மரத்தை விட்டு இறங்கியதும் அடுத்த மரம். இதிலே பலம் எங்கே முடிகிறது, மூச்சு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க இயலாது. எனினும் காலை ஏற்றத்துக்கும் மாலை ஏற்றத்துக்கும் நடுவே ஒரு நீண்ட பகற்பொழுது கிடந்தது. வடமராட்சிக் கரையிலே கரைவலை இழுத்தவர்களும் அப்படியே, அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் கால் ஊன்றி நெடுநேரம் இழுத்தார்கள். அந்தக் கரையிலிருந்துதான் தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் நீந்தியே திரும்பினார். போகவும் வரவும் 51 மணி நேரம். சட்டம் பயின்ற அம் மனிதர் பின்னர் ஒற்றைக்காலில் நிற்பதிலும் சைக்கிள் ஓட்டுவதிலும் சாதனை படைத்து, 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். சகிப்பாற்றல் ஒன்றையே தெய்வமாகக் கொண்ட வாழ்வு அது.

உழைப்பிலிருந்து பிரிந்த அப்பியாசம் யாழ்ப்பாணத்துக்குப் பள்ளிக்கூட வழியாக வந்தது. மிஷன் கல்லூரிகள் பாடத்தோடு விளையாட்டையும் கொணர்ந்தன. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டம் 1904இல் தொடங்கி 'வடக்கின் பெரும்போர்' என்ற பெயரோடு இன்றும் நடைபெறுகிறது. ஆண்டின் தொடக்கத்திலே வரும் இல்ல மெய்வல்லுநர் போட்டியும், அதற்கு முன்னோடியாக வீதி வழியே நடக்கும் மரதன் ஓட்டமும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. அப்போட்டிகளிலே ஒரே மாணவன் காலையில் மரதன் ஓடி, பிற்பகலில் குண்டெறிந்து, நடுவிலே கயிறும் இழுப்பதைக் கண்டு நாம் கைதட்டியிருக்கிறோம். இல்லத்துக்குப் புள்ளி சேர்ப்பதற்கு அது ஏற்ற வழி, பையனுடைய தேகத்துக்கு ஏற்றதென்று சொல்லமாட்டேன்.

இரும்பு தூக்கும் மோகம் வந்தது பெரும்பாலும் இந்தியாவின் வழியாக. பலசாலி யூஜின் சாண்டோ 1904-05இல் இந்தியாவிலே சுற்றுப்பயணம் செய்து தம் தேகத்தைக் காட்டிச் சென்றபின், கட்டுமஸ்தான தேகமுடைய எவனையும் 'சாண்டோ' என்று அழைப்பது தமிழ்நாட்டிலே வழக்காயிற்று. படமெடுத்த சின்னப்பா தேவர் வரை அந்தப் பட்டம் நீண்டது. சாண்டோ போதித்த முறையிலே சிறு கைப்பளுக்களைப் பலமுறை தூக்குவதே பிரதானம். அதிலே தசையும் மூச்சும் தனித்தனியே பிரிந்து நிற்கவில்லை. பெங்களூரிலே தேகாப்பியாச ஆசான் கே. வி. ஐயர் 1930இல் தம் 'மஸில் கல்ட்' நூலை வெளியிட்ட காலத்திலே இரும்புத் தண்டோடு சூரிய நமஸ்காரத்தையும் சேர்த்தே போதித்தார். வேகமாகப் பலமுறை செய்த நமஸ்காரம் நெஞ்சைப் படபடக்கச் செய்யும் என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர். இவ்விரண்டையும் ஒரே மனிதன் ஒரே தேகாப்பியாச சாலையில் செய்யலாம் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே 1950களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரம் பரவத் தொடங்கியது. 1970க்குப் பின் மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டு அவற்றின் விலை ஏறிய ஆண்டுகளிலே கையில் காசு புரண்ட கமக்காரரிற் பலர் இயந்திரம் வாங்கினார்கள். துலா கழற்றப்பட்டது, ஆடுகால்கள் மட்டும் சில தோட்டங்களிலே நெடுநாள் நின்றன. மூவர் விடியுமுன் தொடங்கிச் செய்த வேலையை ஒரு கயிற்றுச் சுண்டலும் சிறிது மண்ணெண்ணெயும் செய்து முடித்தன. மூச்சு வேலை முதலில் ஒழிந்தது, தசை வேலை பின்னால் குறைந்தது. அதன்பிறகே ஓட்டத்தை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டிய அவசியம் பிறந்தது.

நடுவிலே யுத்தம் ஒரு விபரீதமான திருப்பத்தைக் கொடுத்தது. 1990இலிருந்து தீபகற்பத்துக்கு எரிபொருள் வரத்துத் தடைப்பட்டபோது மண்ணெண்ணெய் பொன்விலை விற்றது, இயந்திரங்கள் முடங்கின, ஊர் முழுவதும் சைக்கிளில் ஏறியது. விறகும் அரிசி மூட்டையும் வாழைக்குலையும், நோயாளியும்கூட, சைக்கிளிலேயே போனார்கள். வானொலி கேட்கவும் சைக்கிளின் டைனமோவையே சுற்றினார்கள். பாரத்தோடு மைல்கணக்கில் மிதித்த அத்தலைமுறையின் கால்களைப் பற்றி எவரும் ஆராய்ச்சி செய்யவில்லை, செய்யக்கூடிய காலமும் அன்று.

ஆராய்ச்சி வேறிடத்தில் முன்னரே தொடங்கியிருந்தது. ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1980இல் வெளியிட்ட பரிசோதனையிலே ஒரு குழு பளு மட்டும் தூக்க, ஒரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும் செய்ய, மூன்றாவது குழு இரண்டையும் முழு அளவிலே செய்தது. 10 வாரங்கள். இரண்டையும் செய்தவர்களின் பலம் ஏறத்தாழ ஏழாவது வாரம் வரை பளு மட்டும் தூக்கியவர்களைப் போலவே ஏறி, பிறகு நின்று, கடைசி இரு வாரங்களிலே இறங்கியது. மூச்சின் விருத்திக்கோ குறைவு நேரவில்லை. ஓட்டம் பலத்தைத் தின்றுவிடும் என்று பளு தூக்குவோர் கூட்டம் அஞ்சத் தொடங்கியதற்கு மூலம் இது. ஆனால் அக்குழு வாரத்திலே ஐந்து நாள் கடுமையாகத் தூக்கி, ஆறு நாள் கடுமையாக ஓடியது என்பதை அஞ்சியவர்கள் மறந்துவிட்டார்கள். அது சாதாரண மனிதனின் அட்டவணை அன்று. பின்வந்த பல ஆய்வுகளை ஒருங்கே திரட்டி 2022இல் வெளியான ஒரு மதிப்பீடு, இரண்டையும் சேர்த்துச் செய்வதனால் தசைப் பெருக்கமும் உச்சபலமும் கெடுவதில்லை என்றும், குதிப்பதற்கும் பாய்வதற்கும் வேண்டிய வெடிப்பு வேகம் மட்டும், விசேஷமாக இரண்டும் ஒரே அமர்வில் நடக்கும்போது, சிறிது மட்டுப்படலாம் என்றும் சொல்கிறது. பெரியவிளானிலே பிறந்து மத்திய கல்லூரியிலே படித்த எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டிலே 2.03 மீற்றர் தாண்டி இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொணர்ந்தாரே, அத்தகைய உயரம் தாண்டுபவருக்குத்தான் இந்த எச்சரிக்கை முதன்மையாகப் பொருந்தும்.

மற்றவர்களுக்கு விஷயம் அத்தனை கடினமன்று. பலமே நோக்கம் என்றால் களைப்பில்லாத தேகத்தோடு முதலில் இரும்பைத் தொடுவது. ஓட்டத்தைப் பின்னுக்கு வைப்பது, இயலுமானால் சில மணி நேரம் தள்ளி வைப்பது, அதனினும் மேலாக வேறு நாளுக்கு விடுவது. நெடுந்தூர ஓட்டக்காரன் இவ்வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கலாம். கால்களை நோகச் செய்யும் ஓட்டத்தைவிடச் சைக்கிள் பளுவுக்குக் குறைந்த இடைஞ்சல் செய்யும் என்ற அபிப்பிராயமும் உண்டு. நமது ஊரிலே இதற்கு வெயிலையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். சித்திரை வைகாசியிலே காலை ஒன்பது மணிக்குப் பிறகு தார்வீதியில் ஓடுவது மூச்சுக்குப் பயிற்சியாவதிலும் பார்க்க வெப்பத்தோடு செய்கிற மல்லுக்கட்டாகவே முடிகிறது. ஆகவே விடியற்புறத்தில் ஓட்டமும் அந்தியிலே பளுவும் என்று வைத்துக்கொள்பவர்கள், வரிசை சற்று மாறினாலும், நடுவிலே ஒரு பகலை இடைவெளியாகப் பெறுகிறார்கள்.

குழப்பம் அதிகம் வருவது உதைபந்தாட்டக்காரர்களுக்கே. கழகத்துக்குக் கழகம் சுற்றுப்போட்டி நடக்கின்ற இத் தீபகற்பத்திலே அந்தியில் மைதானத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடிய பையன், இருட்டியதும் உடற்பயிற்சி நிலையத்துக்குப் போய்க் கால்களுக்குப் பளு ஏற்றுகிறான், மறுநாள் ஆட்டத்திலே கால் எழவில்லை என்று முறையிடுகிறான். ஆட்டமே அவனுடைய ஓட்டப்பயிற்சி. தனியாக இன்னொன்று அவனுக்குத் தேவையில்லை. சனிக்கிழமை ஆட்டம் இருக்குமானால் காலுக்கான பளுவைச் செவ்வாயோ புதனோ முடித்துவிட்டு, வெள்ளியன்று இரும்பின் பக்கம் போகாமல் நேரத்தோடு படுப்பதே அவனுக்கு உத்தமம்.