கலத்துக்குள் ஒரு தடுப்பு: புற்றுநோயும் சி.டி.கே. நொதியங்களும்

ஆறிய காயத்தின் தழும்பு எங்களில் பலரின் உடலில் இருக்கிறது. அந்தக் காயம் மூடுவதற்காகச் சுற்றியிருந்த கலங்கள் பிரிந்து பெருகின. மூடியதும் நிறுத்திக்கொண்டன. பெருகவும் நிற்கவும் அவற்றுக்குக் கட்டளை எங்கிருந்து வந்தது? உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் நான், புற்றுநோய் பற்றி யாராவது கேட்டால் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவேன்.

கலப்பிரிவை முன்னின்று நடத்துபவை சைக்கிளின் சார் கைனேசுகள் என்னும் நொதியங்கள். சுருக்கமாக சி.டி.கே. என்பார்கள். மற்றப் புரதங்களோடு பொஸ்பேற்றைச் சேர்த்து, அவற்றின் செயலை மாற்றுவதே இவற்றின் வேலை. ஆனால் இவை தனித்து இயங்குவதில்லை. சைக்கிளின் என்ற இன்னொரு புரதம் வந்து இணைய வேண்டும். குறித்த கட்டத்தில் சைக்கிளின் கூடுகிறது. வேலை முடிந்ததும் அழிக்கப்படுகிறது. அதனோடு நொதியமும் ஓய்ந்துவிடுகிறது.

இந்த அறிவு மிக எளிய உயிரிகளிலிருந்து கிடைத்தது. அமெரிக்கரான லீலண்ட் ஹார்ட்வெல், பாண் செய்யப் பயன்படும் மதுவத்தில் கலப்பிரிவைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களைக் கண்டறிந்தார். பிரித்தானியரான போல் நேர்ஸ் வேறொரு மதுவ இனத்தில் ஆய்வு செய்து, அதே வகை மரபணு மனிதக் கலத்திலும் இருப்பதை 1987இல் காட்டினார். ரிம் ஹன்ற் 1982இல் கடல் முள்ளெலியின் முட்டைகளில் சைக்கிளினைக் கண்டார். மூவருக்கும் 2001இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஆர்.பி. என்ற புரதம் கலத்தைப் பிரியவிடாமல் தடுத்து நிற்கிறது. சைக்கிளின் டி சேர்ந்த சி.டி.கே.4, சி.டி.கே.6 ஆகியவை அந்தத் தடுப்பை நீக்குகின்றன. பி16 என்னும் புரதம் இந்த இரண்டையும் அடக்கி வைக்கிறது. பல புற்றுநோய்களில் பி16 இழக்கப்பட்டிருக்கும், அல்லது சைக்கிளின் டி மிகையாக இருக்கும். அப்போது தேவையில்லாத வேளையிலும் கலம் பிரிந்துகொண்டே போகிறது. இது யாருடைய பாவமும் அல்ல, சாபமும் அல்ல.

விட்டுப்போன தடுப்பைத் திரும்பப் போடும் மருந்துகள் இன்று உண்டு. பல்போசிக்லிப் 2015இலும், ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப் ஆகியவை 2017இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மூன்றும் வாயால் உட்கொள்பவை. ஹோர்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 மிகையாக இல்லாத மார்பகப் புற்றுநோய்க்கு, பெரும்பாலும் ஹோர்மோன் சிகிச்சையுடன் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் இவை பொருந்தா. ஆகவே இழையப் பரிசோதனை அறிக்கையைப் பத்திரப்படுத்தி வையுங்கள். அதிலுள்ள ஏற்பி முடிவுகளின் பொருளை வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எலும்பு மச்சையில் குருதிக் கலங்கள் உருவாகவும் சி.டி.கே.6 தேவை. அதனால் இம்மருந்துகள் வெண்குருதிக் கலங்களைக் குறைக்கக்கூடும். பல்போசிக்லிப்பையும் ரைபோசிக்லிப்பையும் வழமையாக 21 நாள் எடுத்து 7 நாள் நிறுத்துவது, மச்சை மீள்வதற்கு இடம் கொடுக்கிறது. இடையிடையே குருதிப் பரிசோதனை செய்வதும் இதனால்தான். இம்மருந்தை எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது; அன்றே வைத்தியசாலைக்குச் சென்று, எந்த மருந்து எடுக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.