ஆடிட்டர் குமரப்பா: தொழிலறிவு பொதுப்பணிக்கு வந்த வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

ஜே. சி. குமரப்பாவைப் 'பசுமைக் காந்தியர்' என்று அழைத்தவர் வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குஹா. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. குமரப்பாவைப் பற்றி இன்று எழுதுபவர்கள் பலரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ரசாயன உரத்தை எதிர்த்தவர், மண்ணையும் காட்டையும் நீரையும் பற்றி முன்கூட்டியே கவலைப்பட்டவர், இந்தியச் சூழலியல் சிந்தனையின் முன்னோடி என்பதே அவரைப் பற்றிய பொதுச் சித்திரம். பிழையான சித்திரம் அல்ல. மறதியில் கிடந்த ஒருவரைப் பொது விவாதத்துக்கு மீட்டுக் கொண்டுவந்த நன்றி குஹாவுக்கு உரியது.

ஆனால் இந்த வாசிப்பில் ஓர் ஆள் காணாமல் போகிறார். 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்திய ஆடிட்டர் ஜோசப் செல்லதுரை கொர்னீலியஸ்தான் அவர்; குமரப்பாவின் முந்திய பெயர் அது. பசுமை வாசிப்பில் ஆடிட்டர் வேலை என்பது மனமாற்றத்துக்கு முந்திய வாழ்க்கை. கோட்டும் சூட்டும் போனபோது அதுவும் போயிற்று என்பது போன்ற எண்ணமே படிப்பவருக்கு ஏற்படுகிறது. இக்கட்டுரை மறுப்பது இதைத்தான். 1929க்குப் பிறகும் குமரப்பா ஆடிட்டராகவே இருந்தார். கட்சிக்காரர் மட்டுமே மாறினார். ஒரு தொழில் வல்லுநர் தம் தொழிலறிவைக் கட்டணம் வாங்காமல் பொது அமைப்புகளுக்குத் தருவது என்ற வழக்கம் இந்தியாவில் எப்படி உருக்கொண்டது என்று தேடினால், குமரப்பாவுக்கு அதில் மைய இடம் தந்தாக வேண்டும்.

அந்த வழக்கம் அவரிடம் தொடங்கவில்லை. 1894இல் டர்பனில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அமைந்தபோது, பொதுப்பணிக்கு ஊதியம் வாங்குவதில்லை என்று காந்தி முடிவெடுத்தார். அதற்கு மாற்றாக, ஏறத்தாழ இருபது வணிகர்கள் தங்கள் சொந்த வழக்குகளுக்கு அவரை ஓராண்டுக்கு வக்கீலாக அமர்த்திக்கொண்டார்கள். பிழைப்புக்கான வேலையும் பொதுவேலையும் இரண்டு தனிக் கணக்குகளாகப் பிரிந்தன. பழைய ஏற்பாடுதான், ஆனால் இன்றும் பல வல்லுநர்கள் பின்பற்றுவது இதைத்தான்.

1917இல் சம்பாரணில் நடந்தது வேறு. பிரிஜ்கிஷோர் பிரசாத், ராஜேந்திர பிரசாத் போன்ற பிகார் வழக்கறிஞர்கள் உதவ முன்வந்தார்கள். உங்கள் சட்ட அறிவால் எனக்கு அதிகப் பயனில்லை, எழுத்தர் வேலைக்கும் மொழிபெயர்க்கவும்தான் ஆள் வேண்டும் என்று காந்தி அவர்களிடம் சொன்னதாக அவருடைய சுயசரிதை கூறுகிறது. தொழிலைக் கழற்றி வைத்துவிட்டு வருவதே தொண்டு என்ற கருத்துக்கு இந்த நிகழ்ச்சியை அடிக்கடி சான்றாகக் காட்டுகிறார்கள். அதே சுயசரிதையின் அடுத்த பக்கங்கள் வேறு கதை சொல்கின்றன. அவுரி விவசாயிகளின் வாக்குமூலங்களைப் பதிவு செய்த ஒவ்வொருவரும் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும், சோதனையில் தேறாத வாக்குமூலத்தை விட்டுவிட வேண்டும் என்பது விதி. குறுக்கு விசாரணை எழுத்தர் வேலை அல்ல. கறுப்புக் கோட்டு வெளியே நின்றது. வக்கீல் உள்ளேதான் இருந்தார்.

குமரப்பாவிடம் இந்த வழக்கம் மூன்றாவது வடிவம் எடுக்கிறது. 1929 மே 9 அன்று அவர் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனது துறவு பூணுவதற்காக அல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மனின் கீழ் இந்தியாவின் பொது நிதியையும் வறுமையையும் பற்றி எழுதிய ஆய்வேட்டை வெளியிட வழி தேடிப் போனார். 'யங் இந்தியா'வில் அதைத் தொடராக வெளியிடக் காந்தி ஒப்புக்கொண்டார். கூடவே, குஜராத்தில் ஒரு கிராமப் பொருளாதார ஆய்வை நடத்தித் தர முடியுமா என்று கேட்டார். குஜராத்தி தெரியாதே என்றார் குமரப்பா. குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களை உடன் அனுப்பலாம் என்பது காந்தியின் பதில். குமரப்பாவைப் பற்றிய நூல்கள் மரத்தடியில் நூற்றுக்கொண்டிருந்த காந்தியையும், தரையில் உட்கார்ந்த பட்டுச் சூட்டுக்காரரையும் விரிவாக வர்ணிக்கின்றன. கதை அழகானது. ஆனால் அன்று நடந்ததன் சாரம் வேலை ஒப்படைப்பு. காந்தி அவரிடம் எழுத்தர் வேலையைக் கேட்கவில்லை, அவருடைய தொழிலையே கேட்டார். சம்பாரணுக்கும் சபர்மதிக்கும் இடையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது.

ஏன் நேர்ந்தது? முந்திய ஆண்டின் பர்தோலி சத்தியாக்கிரகம் காரணத்தின் பெரும்பகுதியைச் சொல்கிறது. பர்தோலி தாலுகாவில் அரசு நிலவரியை 22 சதவீதம் உயர்த்தியது. சத்தியாக்கிரகத்துக்குப் பிறகு அமைந்த புரூம்ஃபீல்டு–மாக்ஸ்வெல் விசாரணை அதை 6.03 சதவீதமாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அந்த விசாரணையில் பேசப்பட்டவை குத்தகைத் தொகைகள், நில விற்பனைப் பத்திரங்கள், சாகுபடிச் செலவுகள். அரசின் வருவாய் அதிகாரி கிராமத்துக்கே போகாமல் பதிவேட்டை வைத்து எழுதிவிட்டார் என்பதே விவசாயிகள் தரப்பின் முதன்மைக் குற்றச்சாட்டு. தெருவில் வென்ற போராட்டத்தை விசாரணை மேசையில் காப்பாற்ற எண்கள் தேவைப்பட்டன. எண்களைச் சோதிக்கத் தெரிந்தவர் தேவைப்பட்டார்.

கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவில் குமரப்பா நடத்திய ஆய்வை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். அறிக்கை 1931இல் வித்யாபீடத்தின் வெளியீடாக வந்தது. அதன் மையக் கேள்வி, ஒரு விவசாயக் குடும்பத்தின் விளைச்சலிலிருந்து சாகுபடிச் செலவையும் பிழைப்புச் செலவையும் கழித்தால் மிச்சம் உண்டா, மிச்சமே இல்லாத இடத்தில் அரசு எதன்மேல் வரி போடுகிறது என்பதுதான். எந்த ஆடிட்டரும் ஒரு நிறுவனத்தின் ஏட்டைத் திறந்ததும் கேட்கும் கேள்வி இது: இந்தப் பணம் லாபத்திலிருந்து போகிறதா, முதலிலிருந்து போகிறதா? விவசாயியின் வீடு இங்கே நிறுவனமாயிற்று. மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய வரவு செலவு வவுச்சர் ஆயிற்று.

அதே 1931இல் இந்த முறை சாம்ராஜ்ஜியத்தின் மேலேயே திரும்பியது. இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான நிதிக் கடப்பாடுகளை ஆராயக் காங்கிரஸ் ஒரு குழு அமைத்தது. பகதூர்ஜி, புலாபாய் தேசாய், கே. டி. ஷா ஆகியோருடன் குமரப்பா அதன் அமைப்பாளர். 1857 எழுச்சியை அடக்கிய செலவு, ஆப்கானியப் போர்கள், அபிசீனியப் படையெடுப்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்குத் தந்த பணம் எல்லாம் இந்தியாவின் கடனாக ஏட்டில் ஏறியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, இந்தப் பற்று யார் பெயரில் எழுதப்பட வேண்டியது என்று குழு கேட்டது. இரண்டு வக்கீல்கள், ஒரு பொருளியலாளர், ஓர் ஆடிட்டர் சேர்ந்த இந்தக் குழுவை, தொழில்முறை ஆலோசனைக் குழு ஒரு பொது அமைப்புக்குத் தொண்டாகச் செய்த முன்மாதிரி வேலை என்றே சொல்லலாம். குமரப்பாவின் வாழ்க்கையைச் சூழலியல் நோக்கில் சொல்லும்போது இந்த அறிக்கைக்கு அதிக இடம் கிடைப்பதில்லை. காடும் மண்ணும் அதில் இல்லை, பேரேடு மட்டுமே இருக்கிறது.

இக்கட்டுரையின் வாசிப்புக்கு மிகவும் பிடிமானம் தரும் சான்று, ஆதாரத்தில் மிகவும் மெலிந்தது. 1934 ஜனவரி 15 அன்று பிகாரை நிலநடுக்கம் உலுக்கியது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்து, நாடெங்கிலுமிருந்து பணம் வந்தது. கணக்கைப் பார்த்துக்கொள்ளக் குமரப்பா அங்கே அனுப்பப்பட்டார். ஒரு தொண்டருக்கு நாளொன்றுக்குச் சாப்பாட்டுச் செலவு மூன்று அணா என்று அவர் வரம்பு விதித்தார். காந்தி தம் குழுவினருடன் வந்தபோது, அவர்களுக்கு ஆகும் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயிடம் அவர் சொல்லிவிட்டார் என்பது குமரப்பாவின் வரலாறுகளில் வழங்கும் செய்தி.

மூன்று அணாக் கதை நமக்கு நினைவுக் குறிப்புகளின் வழியாக வந்தது, கணக்கேட்டின் வழியாக அல்ல. பெரியவர்களைப் பற்றிய இத்தகைய கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறும். எனவே அணாக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கதையின் எலும்புக்கூட்டை மட்டும் நம்பலாம் என்பது இக்கட்டுரையின் வாதம். முதலாவதாக, பக்திக் கதையாகப் புனைபவர் சீடனைக் குருவின் சொல்லுக்குப் பணிய வைப்பார். இங்கே சீடன் குருவின் செலவுச் சீட்டைத் திருப்பி அனுப்புகிறான். இரண்டாவதாக, மாதரிலும் 1931 அறிக்கையிலும் கண்ட அதே விதி இங்கேயும் இயங்குகிறது. ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய பணத்தில் வேறொருவர் பற்று எழுதக் கூடாது. அப்போது அந்த வேறொருவர் பிரிட்டன், இப்போது காந்தி. மூன்றாவதாக, நிவாரணப் பணம் தந்தவர்கள் ஏராளம், அவர்களில் யாரும் பாட்னாவுக்கு வந்து ரசீதைப் பார்க்கப் போவதில்லை. அவர்கள் சார்பில் பார்க்க வேண்டியவர் ஆடிட்டர்தான்.

கட்டணம் வாங்காத வல்லுநர் வரலாற்றில் இது நான்காவது படி. டர்பனில் பொதுவேலை பிழைப்பிலிருந்து பிரிந்தது. சம்பாரணில் தொழில் மறைந்து நின்று வேலை செய்தது. மாதரிலும் 1931 குழுவிலும் தொழிலே தொண்டாயிற்று. பிகாரில் அந்தத் தொழில், தான் தொண்டு செய்யும் அமைப்பையே சோதிக்கத் தொடங்கியது. இலவசமாக வந்தவர் விருந்தோம்பலுக்குக் கட்டுப்பட்டு வாய்மூடி இருக்க வேண்டியதில்லை என்பது இந்தப் படியின் பொருள்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. குமரப்பா மாலை நேரத்தில் உதவ வந்த வல்லுநர் அல்லர். முழுநேரமும் இயக்கத்துக்குள் வந்துவிட்டார். 1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் உருவானபோது அதை வார்தாவில் கட்டி நடத்தியவரும் அவர்தான். வெளியிலிருந்து ஆலோசனை சொல்பவர் எப்போது உள்ளாளானார் என்பதற்கு ஒரே தேதி தர முடியாது. 1929 மே சந்திப்பு, பெயர் மாற்றம், உடை மாற்றம், பம்பாய்த் தொழிலை விட்டது, சிறை ஆகியவை ஒரே நாளில் நிகழவில்லை. காலக்கோட்டை 1929இல் ஒரு கோடு கிழித்து இரண்டாக வெட்டுவது கதைக்கு வசதி, வரலாற்றுக்குப் பொருந்தாது.

இனிப் பசுமை வாசிப்பின் கோட்டைக்குள்ளேயே நுழைந்து பார்க்கலாம். அந்த வாசிப்பு பெரிதும் சாய்ந்து நிற்பது, குமரப்பா ஜபல்பூர்ச் சிறையில் எழுதி 1945இல் வெளியான 'நிலைத்த பொருளாதாரம்' நூலின் மேல். அதில் அவர் இயற்கை வளத்தை இரண்டாகப் பிரிக்கிறார். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது போன்றவை தேக்கம். எடுக்க எடுக்கக் குறையும். ஓடும் நீர், முறையாக வளர்த்து வெட்டும் மரம் போன்றவை ஓட்டம். மறுபடி மறுபடி வரும். தேக்கத்தில் வாழும் பொருளாதாரம் வன்முறைக்கும் போருக்கும் இட்டுச் செல்லும் என்பது அவர் முடிவு. குஹா இதில் சூழலியலின் விதையைக் காண்கிறார். ஆனால் தேக்கமும் ஓட்டமும் கணக்கியலில் முதலும் வருமானமும் அல்லவா? முதலை எடுத்துச் செலவழித்துவிட்டு அதை வருமானம் என்று ஏட்டில் எழுதுவது எந்த ஆடிட்டரும் கையெழுத்திட மறுக்கும் குற்றம். மாதர் விவசாயியின் வீட்டில் கேட்ட கேள்வியைக் குமரப்பா இங்கே பூமியிடம் கேட்கிறார். மண்ணெண்ணெய்க்கு மாற்றாக வார்தாவின் மகன்வாடியில் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' விளக்கு உருவானதும் இதே கணக்கின் நடைமுறைதான். பிற்காலத்தில் 'சிறியதே அழகு' நூலில், புதைபடிவ எரிபொருளை முதலாகக் கருதாமல் வருமானமாகக் கருதுகிறோம் என்று வாதிட்ட ஷுமாக்கர், அதே நூலில் குமரப்பாவை எடுத்துக்காட்டுவது தற்செயல் என்று தோன்றவில்லை.

குமரப்பா தம் நூலுக்கு ஆடிட்டர் அனுபவமே ஊற்று என்று சொன்னார் என்பதல்ல இங்கே வாதம். கிறித்தவ நம்பிக்கையும் காந்தியின் அகிம்சையும் அந்தச் சிந்தனையில் ஆழமாகக் கலந்துள்ளன. எது எவ்வளவு என்று பிரித்து எடைபோட முடியாது. பசுமை என்று பெயரிட்டு நாம் பாராட்டும் பார்வைக்கு எலும்பாக நிற்பது தொழில்முறைக் கணக்கறிவு என்பதுவரை சொல்லலாம். குஹாவின் வாசிப்பு தலைகீழாக வேண்டியதில்லை. அதற்கு ஓர் அடித்தளம் சேர வேண்டும்.

இந்த அடித்தளத்தை இன்று ஏன் தேட வேண்டும் என்று கேட்கலாம். கட்டணமில்லாத தொழில்சேவையின் ஒரு கிளை, வழக்கறிஞர்களுடையது, அரசியல் சட்டத்துக்குள் வந்துவிட்டது. 1976இல் சேர்க்கப்பட்ட 39ஏ பிரிவும் 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டமும் இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கின. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. ஆனால் ஊழியர்கள் தம் தொழிலறிவோடு ஒரு தொண்டு நிறுவனத்தில் உழைத்த நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அந்த 2 சதவீதத்தில் சேர்க்க முடியாது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் தெளிவுபடுத்தியது. கணக்கு என்ற அளவில் இதற்கு நியாயம் உண்டு; உழைப்பு மணிகளுக்கு விருப்பம்போல் விலை போட்டுக் கொடையை ஊதிக் காட்ட வழி அடைபடுகிறது. குமரப்பாவே இந்த வரம்பை ஏற்றிருப்பார் என்று ஊகிக்கலாம்.

அந்த ஊகத்தைவிட அவசரமான கேள்வி வேறு. இன்று ஒரு தொண்டு நிறுவனத்துக்கு இலவசமாக வரும் ஆடிட்டரோ மேலாண்மை ஆலோசகரோ பெரும்பாலும் இணையதளம், திட்ட அறிக்கை, நிதி திரட்டும் உத்தி ஆகியவற்றைச் செய்து கொடுத்துவிட்டுப் போகிறார். பாட்னாவில் குமரப்பா வகித்த இடம், அதாவது அமைப்பின் மிகப் பெரிய ஆளிடமே செலவுச் சீட்டைத் திருப்பித் தரும் அதிகாரம், இன்றைய வல்லுநருக்குத் தரப்படுகிறதா? அந்த அதிகாரம் குமரப்பாவுக்கு எழுத்தில் தரப்பட்டதா, ராஜேந்திர பிரசாத்தின் நம்பிக்கையால் வாய்த்ததா, அவராகவே எடுத்துக்கொண்டதா என்பதைத் தீர்க்க வாழ்க்கை வரலாறுகள் போதா. டெல்லியில் முன்பு நேரு நினைவு நூலகம் எனப்பட்ட இடத்தில் உள்ள குமரப்பாவின் தாள்களையும் நிவாரணக் குழுவின் வெளியிட்ட கணக்குகளையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வே அதைச் செய்ய முடியும். அதைச் செய்பவருக்கு வரலாற்றுப் பயிற்சியோடு தணிக்கைப் பயிற்சியும் இருந்தால் நல்லது.