இடம் மாறிய இரு சொற்கள்: 89ஆம் பிரிவின் வரலாறு

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908இல் இயற்றப்பட்டபோது அதன் 89ஆம் பிரிவு நடுவர் தீர்ப்பைப் பற்றியதாக இருந்தது. 1940இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்ததும் அப்பிரிவு நீக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அதே எண்ணில் புதிய பிரிவொன்றைச் சேர்த்தது. அது 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உடன்பாட்டுக்கு வாய்ப்புள்ள வழக்குகளை நீதிமன்றத்திற்கு வெளியே தீர்க்க அனுப்புவதே இதன் நோக்கம்.

இவ்வழிகளுக்கிடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. நடுவர் தீர்ப்பில் முடிவைச் சொல்பவர் நடுவர். சமரசத்தில் முடிவு தரப்பினருடையது. சமரசர் பேச்சுக்கு வழி அமைப்பவர் மட்டுமே. அன்றாடத் தமிழில் ‘மத்தியஸ்தம்’ இரண்டையும் குறிக்கும். சட்டத்தில் அவ்வாறு கலக்க இயலாது.

ஆனால் சட்டமே அவ்வாறு கலந்துவிட்டது. ‘நீதிமன்றவழித் தீர்வு’ என்றால் வழக்கைத் தகுந்த நிறுவனத்திற்கோ நபருக்கோ அனுப்புவது என்றும், ‘சமரசம்’ என்றால் நீதிமன்றமே தரப்பினரிடையே உடன்பாடு காண்பது என்றும் அப்பிரிவு விளக்கியது. இரண்டு விளக்கங்களும் தலைகீழாய் அமைந்திருந்தன.

நடைமுறை இப்பிழைக்காகக் காத்திருக்கவில்லை. திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்றதோடு, விதிகள் வகுக்க நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையில் குழுவும் அமைத்தது. 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய மையத்தில் பயிற்சி பெற்ற வழக்கறிஞர்கள் சமரசர்களாயினர். அதே ஆண்டு தில்லி தீஸ் ஹசாரியில் நீதிபதிகளைக் கொண்டே சமரசம் தொடங்கியது.

சமரசர் யார் என்பது சிறிய வினா அன்று. மூடிய அறையில் ஒருவர் விட்டுக்கொடுக்க முன்வரும் தொகையை, நாளை தீர்ப்பெழுதப்போகும் நீதிபதியே கேட்டிருந்தால் அவர் மனம் திறந்து பேசுவாரா?

2010இல் அஃப்கான்ஸ் வழக்கு இதற்கு விடை தந்தது. கொச்சித் துறைமுகப் பணியின் துணை ஒப்பந்தத்தில் எழுந்த அவ்வழக்கை, ஒரு தரப்பு இசையாத நிலையிலும் கீழ் நீதிமன்றம் நடுவர் தீர்ப்புக்கு அனுப்பியிருந்தது. இரு தரப்பின் இசைவின்றி அவ்வாறு அனுப்ப முடியாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு சொற்களின் விளக்கங்களும் வரைவாளரின் பிழையால் இடம் மாறின என்று கூறி, அவற்றை மாற்றிப் படிக்கவும் பணித்தது. உடன்பாட்டுப் பேச்சை நடத்திய நீதிபதி, அது முறிந்தால் அவ்வழக்கை விசாரிக்கலாகாது என்றும் தெளிவுபடுத்தியது.

2021ஆம் ஆண்டுச் சமரச மசோதா, வழக்குக்கு முன் சமரசத்தைக் கட்டாயமாக்க முனைந்தது. 2023இல் சட்டமானபோது அது தரப்பினரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. ஆயினும் வணிக வழக்குகளில், அவசர இடைக்கால நிவாரணம் கோரப்படாவிடில், முன்சமரசம் இன்றும் கட்டாயமே. பேச்சு மேசைக்கு ஒருவரை அழைத்து வரச் சட்டத்தால் இயலும். உடன்பாட்டில் கையெழுத்திடுவது அவருடைய உரிமையாகவே நீடிக்க வேண்டும். 89ஆம் பிரிவின் சொற்கள் இடம் மாறியபோது மங்கியது இந்த எல்லைக்கோடுதான்.