அத்திபெலே எல்லை: தொலைக்காட்சிச் செய்தியில்

அத்திபெலே, பெங்களூரு நகர மாவட்டம் ஆனேக்கல் வட்டத்தில் உள்ள எல்லையூர். ஒசூர் வழியாகப் பெங்களூருக்குப் போகிறவர்கள் கர்நாடகத்தில் முதலில் தொடும் ஊர் இதுதான். எதிரே தமிழகப் பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜூஜுவாடி. இரண்டையும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இணைக்கிறது. பழைய எண் 7. தமிழ்நாட்டு வீடுகளில் இந்தப் பெயர் தெரிந்திருப்பதற்குக் காரணம், காவிரிப் பிரச்சினை எழும்போதெல்லாம் செய்தியாளர் ஒருவர் ஒலிவாங்கியோடு இங்கே நின்று பேசுவதே.

காவிரியின் தீர்ப்பு டெல்லியில் வருகிறது. தண்ணீர் மண்டியா மாவட்டத்துக் கிருஷ்ணராஜ சாகரில் நிற்கிறது, வயல் தஞ்சையில் காய்கிறது. அத்திபெலேக்கும் காவிரிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் பேருந்துகள் நிற்பது இங்கே. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி எல்லையை நடந்து கடக்கும் பயணியின் படம் வேறெங்கும் கிடைக்காது. அணையின் நீர்மட்டத்தை எண்ணாகத்தான் சொல்ல முடியும், நடப்பவரைக் காட்டலாம்.

காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25இல் இடைக்காலத் தீர்ப்பளித்தது. அது டிசம்பரில் மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் மீது வன்முறை வெடித்தது. அகதிகளாக மக்கள் தமிழகத்துக்கு வந்தார்கள். அன்று தமிழில் இருந்த ஒரே தொலைக்காட்சி தூர்தர்ஷன். அந்த நாள்களைப் பற்றித் தமிழர் நினைவில் இருப்பவை பெரும்பாலும் நாளிதழ்ப் படங்களும் வந்தவர்கள் வாய்மொழியாகச் சொன்னவையும்தான்.

சன் டிவி 1993 ஏப்ரல் 14இல் தொடங்கியது. தமிழில் தனியார் தொலைக்காட்சிச் செய்தி வளர்ந்தது அதன் பிறகே. 2000 ஜூலை 30 இரவு கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தாளவாடி அருகே வீரப்பன் கடத்திச் சென்றான். நவம்பர் 15இல் அவர் விடுபடும்வரை 108 நாள்கள் இரு மாநிலமும் ஒரே செய்தியை விடாமல் பார்த்தன. கடத்தல் நடந்தது சத்தியமங்கலம் காட்டுப் பக்கம். பேருந்து நின்றதோ ஒசூர்ச் சாலையில்.

2011இல் புதிய தலைமுறை, 2012இல் தந்தி டிவி, கர்நாடகப் பக்கம் பப்ளிக் டிவி என்று 24 மணி நேரச் செய்தி அலைவரிசைகள் பெருகின. 2016 செப்டம்பர் அந்தப் போட்டிக்கு நடுவில் வந்தது. வினாடிக்கு 15,000 கன அடி திறக்கச் சொல்லி 5ஆம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவு. 9ஆம் தேதி கர்நாடக பந்த். 12ஆம் தேதி உத்தரவு 12,000 கன அடியாகத் திருத்தப்பட்ட அன்று பெங்களூரு எரிந்தது. தமிழகப் பதிவெண் வண்டிகளும் கே.பி.என். பேருந்துகளும் கொளுத்தப்பட்டன. அதற்கு முன்பே இரு பக்கமும் தனி ஆட்கள் தாக்கப்பட்ட சில கைப்பேசிக் காணொளிகள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தன. அடக்கத்தோடு ஒளிபரப்புமாறு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அலைவரிசைகளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாரம் அத்திபெலேயிலிருந்து வந்த நேரலைகள் அந்தக் காணொளிகளைவிட எவ்வளவோ நிதானமானவை. பேருந்து எதுவரை ஓடுகிறது, எங்கே இறங்கி நடக்க வேண்டும் என்பது பயணிக்குத் தேவைப்பட்ட தகவல். அதைச் சொன்னவர்கள் எல்லையில் நின்ற செய்தியாளர்களே. ஸ்டுடியோ விவாதங்களில் அது கிடைக்கவில்லை.

எல்லைச் செய்தியில் ஒசூர்க்காரருக்கு ஒரு வசதி உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் அது. கர்நாடக போலீஸ் அதிகாரியிடம் கன்னடத்தில் கேட்டு ஓரிரு வரிப் பேட்டி (பைட்) வாங்கி, உடனே தமிழில் நேரலை கொடுக்க அங்கே வளர்ந்தவரால் முடியும். சென்னையிலிருந்து நேரலை அனுப்பும் ஓ.பி. வேனோடு வருகிறவர் அவரைத்தான் தேடுவார். சிம் கார்டுகளைக் கொண்டு படம் அனுப்பும் முதுகுப்பைக் கருவி வந்தபின் வேனுக்கும் அவ்வளவு அவசியமில்லை.

காவிரிக்கு அடுத்தபடியாக இந்தச் சாலையில் கேமராவைக் கொண்டுவந்தது ஜெயலலிதா, சசிகலா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு. 2014 செப்டம்பர் 27இல் பெங்களூரின் பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்தில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 பிப்ரவரி 15இல் வி.கே. சசிகலா சென்னையிலிருந்து சாலை வழியே வந்து அங்கே சரணடைந்தார். 2021 பிப்ரவரி 8இல், தண்டனை முடிந்து அவர் திரும்பியபோதுதான் அத்திபெலே உச்சத்தைத் தொட்டது. காரில் அதிமுக கொடி இருந்தது. தமிழக எல்லையில் அதைப் போலீசார் ஆட்சேபித்தார்கள். அவர் வேறு காருக்கு மாறினார். பெங்களூரிலிருந்து சென்னை போக ஏறத்தாழ 23 மணி நேரம். பெரும்பகுதி நேரலையாகவே ஓடியது. ஒரு கார் போவதைக் காட்ட இவ்வளவு நேரம் தேவையா என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் தமிழகம் பார்த்தது.

2023 செப்டம்பரில் காவிரி மறுபடி வந்தது. 26ஆம் தேதி பெங்களூரு பந்த், 29ஆம் தேதி கர்நாடக பந்த். வழக்கம்போல் எல்லையில் பேருந்துகளும் போராட்டக்காரர்களும் கேமராக்களும். எட்டு நாள் கழித்து, அக்டோபர் 7 சனிக்கிழமை பிற்பகல், அத்திபெலேயில் தீபாவளிச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த பட்டாசுக் கிடங்கு தீப்பிடித்தது. இங்கே நின்று செய்தி சொன்ன ஆண்டுகளில் இந்த ஊரிலேயே நடந்த பெரிய துயரம் அது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் தருமபுரி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து சில வாரக் கூலிக்கு வந்த இளைஞர்கள். முதல் நாள் 14 என்று சொல்லப்பட்ட எண்ணிக்கை பின்னர் 17 ஆனது. வழக்கு சி.ஐ.டி. விசாரணைக்குப் போனது.